நகல் என்ற வசை

பல வருஷங்களுக்கு முன், இதைப் போன்ற ஒரு சிறுபத்திரிகையில், ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுப்புக்கு நான் மதிப்புரை எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அதன் கடைசிப் பத்தியில் நான் சொன்னதன் சாரம் இது: இவர் எழுதுவதில்லை, பிரிகிறார். ஒரு செல் இரண்டாகப் பிரிவதைப் போல, தமக்கு முன் எழுதிய ஒரு பெரிய கவிஞரிலிருந்து அதே அச்சில் இன்னொன்றாக, சிரமமும் இல்லாமல் பிரக்ஞையும் இல்லாமல் பிரிந்து வந்திருக்கிறார். இதைப் பெருக்கம் என்று சொல்லலாம், படைப்பு என்று சொல்ல முடியாது. அந்த வரிகளை நண்பர்கள் டீக்கடையில் ஒருவருக்கொருவர் சொல்லிக் காட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது. கவிஞரே எழுதியது. அவர் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிப்பவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தம் கவிதைகளுக்காக அவர் வாதாடவில்லை. தீர்ப்பு என்னுடையது, அதில் தமக்கு வேலையில்லை, ஆனால் செல் நகல் எடுப்பதில்லை, அது எப்படிப் பிரிகிறது என்று தெரிந்துகொண்டு திட்டியிருக்கலாம் என்று மட்டும் எழுதியிருந்தார். அடிபட்டவனின் ரோஷம் என்று எடுத்துக்கொண்டு, கார்டை அவருடைய புத்தகத்துக்குள்ளேயே செருகி வைத்தேன். அவர் இரண்டாவது தொகுப்பு எதுவும் கொண்டுவரவில்லை. அதற்கு என் மதிப்புரைதான் காரணம் என்று நினைத்தால் அது என்னைப் பற்றி நானே செய்துகொள்ளும் மிகை மதிப்பீடாகும். ஆனால் சென்ற மாதம் அலமாரியை ஒழித்தபோது புத்தகமும் கார்டும் சேர்ந்து அகப்பட்டன. உவமை சொல்கிற விமர்சகனுக்கு அதன் இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசித்தவன் நான். எனக்குக் கவிதைப் பக்கம் கொஞ்சம் தெரிந்திருந்தது. செல்லின் பக்கம் சுத்தமாகத் தெரிந்திருக்கவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். இந்தக் கட்டுரை அந்தப் பழைய கடனுக்கு.

செல் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ.வை இரண்டாக்கிக்கொள்கிறது. நம் பாடப் புத்தகங்கள் இதை இரட்டிப்பாதல் என்கின்றன. பேச்சில் நகல் எடுப்பது என்கிறோம். இரண்டுமே நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச் செல்கிற சொற்கள் என்று எனக்குப் படுகிறது. நகல் என்றவுடன் நம் மனதில் ஓர் அசல் எழுந்து நிற்கிறது. தாசில்தார் அலுவலகத்தில் ஆவணத்துக்கு நகல் வாங்குகிறோம். அசல் பெட்டியிலேயே இருக்கும், நகல் நம் கைக்கு வரும். அசலுக்கு மதிப்பு அதிகம், நகலுக்குக் குறைவு. இலக்கியத்தில் இந்தச் சொல்லை நாம் வசையாகப் பயன்படுத்துவதற்கு ஆதாரமே இந்தப் பெட்டிதான். செல்லுக்குள் அப்படி ஒரு பெட்டி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

1953 ஏப்ரல் 25 தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஜேம்ஸ் வாட்சனும் ஃபிரான்ஸிஸ் கிரிக்கும் டி.என்.ஏ.வின் அமைப்பைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு பக்கத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம்தான். ஒன்றையொன்று சுற்றிய இரண்டு இழைகள். உள்ளே படிகள்போல எதிரெதிர் ஜோடிகள். அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின், வேறு விதமாகச் சேராது. கட்டுரை முடிகிற இடத்தில், மரபுப் பொருள் படியெடுக்கப்படும் வழியும் இதில் தெரிகிறது என்று கோடி காட்டிவிட்டு ஒரே வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விஞ்ஞான உரைநடையில் அடக்கத்துக்கு உதாரணமாகச் சொல்லப்படும் வாக்கியம் அது. கிரிக் பின்னாளில் உண்மையைச் சொன்னார்: அமைப்பு தவறாகிவிடுமோ என்று வாட்சனுக்குப் பயம், விரித்து எழுத வேண்டுமென்று கிரிக்குக்கு ஆசை, இரண்டுக்கும் நடுவே ஏற்பட்ட சமரசம் அந்த வாக்கியம். அடக்கம் என்று நாம் வியக்கிற பல இடங்களில் இப்படி ஒரு தயக்கம்தான் இருக்கும். அதனால் வாக்கியத்தின் அழகு குறைந்துவிடவில்லை. ஐந்து வாரம் கழித்து, மே 30 இதழில், விரித்தே எழுதினார்கள்.

அவர்கள் சொன்ன வழியை எனக்குப் புரிய வைத்தது அச்சாபீஸ். கம்பாஸிட்டர் ஈய எழுத்தைக் கோத்து வைத்த பக்கத்தை நான் பல இரவுகள் குனிந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் தெரிவதுபோல் எல்லாம் இடம் வலம் மாறி இருக்கும். அச்சடித்த தாள் அந்த ஈயப் பக்கத்தின் நகலா? இல்லை. அதன் எதிர். ஈயத்தில் மேடாக இருப்பது தாளில் கறுப்பாகிறது, வலம் இடமாகிறது. ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் சந்தேகமில்லாமல் செய்துவிடலாம். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒன்றுக்கொன்று ஈயமும் தாளும்போல. இரண்டும் பிரிகின்றன. ஈயம் தனக்கொரு புதுத் தாளை அச்சடித்துக்கொள்கிறது. தாள் தனக்கொரு புது ஈயத்தை வார்த்துக்கொள்கிறது. கடைசியில் இரண்டு ஜோடிகள். அச்சாபீஸில் வேலை முடிந்ததும் எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டுவிடுவார்கள். செல்லில் போடுவதில்லை. ஈயமும் தாளும் கட்டிக்கொண்டே கிடக்கின்றன. உவமை அவ்வளவு தூரம்தான் வரும்.

ஆகவே பழைய இழையை ஒட்டி உருவாகும் புது இழை, அந்த இழையைப் போன்றது அல்ல. அதற்கு எதிர் நிற்பது. என் மதிப்புரையில் 'அதே அச்சில்' என்று எழுதியிருந்தேனே, அச்சாபீஸ் வாசலில் நின்று புரூஃப் திருத்திய எனக்கே அச்சு என்றால் என்ன என்று அன்று ஞாபகம் வரவில்லை.

இருந்தாலும் இது 1953இல் ஓர் அழகான ஊகம் மட்டுமே. அழகாக இருப்பதால் எதுவும் உண்மையாகிவிடாது என்பதை எடுத்துச் சொல்ல ஒரு விமர்சகன் வேண்டியிருந்தது. மாக்ஸ் டெல்ப்ரூக் அந்தக் காரியத்தைச் செய்தார். இவ்வளவு முறுக்கிய இழைகள் சிக்காமல் எப்படிப் பிரியும் என்று 1954இல் கேட்டார். இழைகள் அங்கங்கே அறுந்து, பழையதும் புதியதுமாகத் துண்டுகள் கலந்து ஒட்டிக்கொள்ளலாமே என்றார். இன்னொரு சாத்தியமும் இருந்தது: பழைய ஜோடி அப்படியே பழையதாக இருக்க, முழுக்கப் புதிய ஜோடி ஒன்று தனியே பிறக்கலாம். இந்தக் கடைசி வழிதான் நம் தாசில்தார் அலுவலக வழி. அசல் ஓரிடத்தில், நகல் ஓரிடத்தில்.

மூன்றில் எது என்று தீர்த்தவர்கள் கலிஃபோர்னியாவின் பாஸடீனாவில் இருந்த மாத்யூ மெஸல்ஸனும் ஃபிராங்க்ளின் ஸ்டாலும். 1957இல் செய்து 1958இல் வெளியிட்டார்கள். எஷரிசியா கோலி என்ற பாக்டீரியாவை, கனமான நைட்ரஜன் மட்டுமே உள்ள தீனியில் 14 தலைமுறை வளர்த்தார்கள். அதன் டி.என்.ஏ. முழுக்கக் கனமாகிவிட்டது. பிறகு திடீரென்று சாதாரண நைட்ரஜனுக்கு மாற்றினார்கள். இனிமேல் உருவாகிற இழை எல்லாம் லேசானது. டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்துச் சீஸியம் குளோரைடு கரைசலில் போட்டு, நிமிடத்துக்கு 40,000 சுற்றுக்கு மேல் 20 மணி நேரம் சுழற்றினால் கனமானது கீழேயும் லேசானது மேலேயும் தனித்தனிப் பட்டைகளாக நிற்கும். ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தார்கள். கனப் பட்டை இல்லை. லேசான பட்டையும் இல்லை. நடுவில் ஒரே ஒரு பட்டை. இரண்டாவது தலைமுறையில் பாதி நடுவிலும் பாதி லேசான இடத்திலும் நின்றது.

இதன் அர்த்தத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். அசல் தனியே ஒதுங்கி நின்றிருந்தால் கனப் பட்டை மறைந்திருக்காது. ஒரே தலைமுறையில் அது மறைந்துவிட்டது. ஆனால் அழிந்து போகவில்லை. பிரிந்து இரண்டு வாரிசுகளுக்கும் ஆளுக்கொரு இழையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒவ்வொரு வாரிசும் ஒரு பழைய இழையும் ஒரு புதிய இழையும் சேர்ந்தது. இது தாய், இது சேய் என்று சுட்டிக் காட்ட ஒன்றுமில்லை. டெல்ப்ரூக் சொன்னபடி துண்டு துண்டாகக் கலந்திருந்தால் இரண்டாம் தலைமுறையில் பட்டை பொதுவாக மேலே நகர்ந்திருக்கும், இப்படிச் சுத்தமாக இரண்டாகப் பிரிந்திருக்காது. பழைய இழை, இழையாகவே முழுசாக வருகிறது. அதை உடைத்துக் கரைப்பதில்லை. அதற்குக் காவல் போட்டுப் பூட்டி வைப்பதுமில்லை.

கார்டு எழுதியவர் சொன்னது இதுதான். செல்லில் அசல் இல்லை; ஆகவே நகலும் இல்லை.

இதைக் கண்டறிந்த வரலாற்றிலேயே அசல் யாருடையது என்ற தகராறு ஒன்று உண்டு. எர்வின் சார்காஃப் 1950 வாக்கில் அடினைனும் தைமினும் சம அளவில் இருப்பதைக் கண்டு சொல்லியிருந்தார். லண்டன் கிங்ஸ் காலேஜில் ரோஸலிண்ட் ஃபிராங்க்ளினும் அவரிடம் ஆராய்ச்சி செய்த ரேமண்ட் காஸ்லிங்கும் 1952இல் எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்றை, ஃபிராங்க்ளினுக்குத் தெரியாமல் மாரிஸ் வில்கின்ஸ் 1953 ஆரம்பத்தில் வாட்சனிடம் காட்டினார். ஃபிராங்க்ளின் 1958இல் 37 வயதில் இறந்தார். 1962இல் பரிசு மற்ற மூவருக்கும் போனது. வாட்சன் 1968இல் எழுதிய புத்தகம் சுவாரசியமானதுதான், ஆனால் ஃபிராங்க்ளினைச் சித்திரித்த விதத்தில் அது நேர்மையற்றது. அந்த ஒன்றேகால் பக்கக் கட்டுரையின் பழைய இழைகள் யார் யாருடையவை என்று கேட்பது வசை ஆகாது. கேட்கத்தான் வேண்டும். வாங்கியதைச் சொல்லாமல் விடுவதுதான் குற்றம். வாங்கினாய் என்பதே குற்றம் என்று நான் அந்த இளைஞர்மேல் வழக்குப் போட்டிருந்தேன்.

'சிரமமும் இல்லாமல்' என்று எழுதியிருந்ததற்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

ஆர்தர் கார்ன்பெர்க் 1956இல் கண்டறிந்த பாலிமரேஸ் என்ற என்ஸைம் இழையை ஒரே திசையில்தான் நீட்டும். வலமிருந்து எழுதத் தெரியாத கை அது. ஆனால் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. முறுக்கு அவிழ்ந்து வருகிற இடத்தில், ஒரு பக்கம் அவிழ அவிழப் பின்னாலேயே எழுதிக்கொண்டு போகலாம். மறுபக்கம் என்ன ஆகும்? ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகஸாகியும் அவர் மனைவி ட்ஸுனெகோ ஒகஸாகியும் இதைப் பின்தொடர்ந்தார்கள். பாக்டீரியாவுக்குச் சில விநாடிகள் மட்டும் கதிரியக்கமுள்ள மூலப்பொருளைக் கொடுத்து நிறுத்தினார்கள். அந்தச் சில விநாடிகளில் உருவான டி.என்.ஏ. நீளமாக இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் எழுத்து நீளமுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாக இருந்தது. நேரம் கொடுத்தால் துண்டுகள் சேர்ந்து நீளமாயின. 1968இல் வெளியிட்டார்கள். ஊசியைப் பின்னுக்குக் குத்தி முன்னுக்கு எடுத்துத் தைப்பார்களே, அதைப் போல, பின்னோக்கி ஒரு துண்டு, கொஞ்சம் முன்னே நகர்ந்து மீண்டும் பின்னோக்கி ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்கம் குறிக்க ஆர்.என்.ஏ.வால் ஆன சிறு முனை ஒன்று வைக்க வேண்டும். துண்டு முடிந்ததும் அந்த முனையை எடுத்துவிட்டு இடைவெளியை நிரப்ப வேண்டும். பிறகு லிகேஸ் என்ற இன்னொரு என்ஸைம் வந்து ஒட்ட வேண்டும். டெல்ப்ரூக் பயந்த முறுக்கை அவிழ்க்க, இழையை வெட்டிச் சுழலவிட்டு மறுபடி ஒட்டுவதற்கே தனி என்ஸைம்கள் இருக்கின்றன. மனித செல் ஒன்றில் 600 கோடி ஜோடிகள், நீட்டி வைத்தால் சுமார் 2 மீட்டர். பல்லாயிரம் இடங்களில் ஒரே சமயத்தில் தொடங்கி ஏறக்குறைய 8 மணி நேரத்தில் இதை முடிக்கிறது. இதைத்தான் நான் சிரமமில்லாத காரியம் என்று எழுதினேன்.

ரெய்ஜி ஒகஸாகி ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945இல் அங்கே கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975இல் ரத்தப் புற்றுநோயில் 44 வயதில் இறந்தார். செல்லின் எழுத்துகள் கலைவதால் வருகிற நோய் அது. ட்ஸுனெகோ அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார். இதற்கு நான் உரை எழுதப்போவதில்லை. செல்லைப் பற்றி லேசாக எழுதிவிட்டவன் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் சொன்னேன்.

இனி பிழைகள். பாலிமரேஸ் எழுத்தைப் பொருத்தும்போது லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறுகிறது. பொருத்திய கையோடு அதுவே திரும்பிப் பார்த்து, சரியாக உட்காராததை வெட்டி எடுக்கிறது. விஞ்ஞானிகள் இதற்குப் புரூஃப் பார்ப்பது என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இதனால் பிழை ஏறத்தாழ நூறு மடங்கு குறைகிறது. தப்பியவற்றைப் பின்னால் வருகிற வேறொரு கூட்டம் திருத்துகிறது. கடைசியில் 100 கோடிக்கு ஒன்று, அல்லது அதற்கும் குறைவு. இந்தக் கூட்டத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கும் அதே சங்கடம் இருந்தது: இரண்டு பாடம் முரண்பட்டால் எது பழையது? செல்லில் பொருந்தாத ஜோடி ஒன்று தெரிகிறது, ஆனால் ஜோடியில் எந்த எழுத்து தவறு? கோலி பாக்டீரியாவில் இதற்கொரு வழி இருக்கிறது. பழைய இழையின்மேல் அங்கங்கே மீதைல் அடையாளங்கள் இருக்கும். புதிய இழைக்கு அவை வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். அந்த இடைவெளியில், அடையாளம் இல்லாத இழையைத் திருத்துகிறது. இதைத் துலக்கியவர்களில் முக்கியமானவரான பால் மாட்ரிச் 2015இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். மனித செல்லில் அடையாளம் காணும் வழி வேறு. ஆனால் அங்கும் இந்தத் திருத்தம் பிறவியிலேயே கெட்டிருந்தால் பெருங்குடலில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் கூடிவிடுகிறது.

நம் இளம் விமர்சகர்கள் சிலருக்கு இந்த இடத்தில் உற்சாகம் வரும். பார்த்தீர்களா, பிழைதான் படைப்பு, தவறுவதுதான் புதுமை என்று கிளம்புவார்கள். அதற்கும் செல்லில் ஆதாரம் கிடையாது. தப்பித்து நிற்கும் பிழைகளில் பெரும்பாலானவற்றால் ஒன்றும் நேர்வதில்லை. சில கெடுக்கின்றன. மிக அபூர்வமாக ஒன்று உதவுகிறது. அதுவும் உதவியதா என்பது எத்தனையோ தலைமுறை வாழ்ந்து பார்த்த பிறகுதான் தெரியும். உயிரில் உள்ள வேற்றுமை எல்லாம் இத்தகைய மாற்றங்களிலிருந்து வந்தது என்பது உண்மை. இவ்வளவு கடுமையாகத் திருத்திய பிறகும் மிஞ்சியவை அவை என்பதும் உண்மை. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வது சோம்பேறியின் அழகியல்.

எனக்கே ஒரு எச்சரிக்கை சொல்லிக்கொள்ள வேண்டும். படி, எழுத்து, புரூஃப் எல்லாம் அச்சாபீஸிலிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போன சொற்கள். பாலிமரேஸ் எதையும் வாசிப்பதில்லை. வடிவம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறது. பாஷை தெரியாத கம்பாஸிட்டர் அது. நாம் கொடுத்தனுப்பிய சொற்களையே விஞ்ஞானத்தின் தீர்ப்பாகத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து, இலக்கியத்துக்குச் செல் இப்படி வழி காட்டுகிறது என்று சொன்னால் அது நம் சட்டைப்பையிலிருந்து நாமே திருடுவதாகும். கவிதை எப்படி எழுதப்பட வேண்டும் என்று செல் எதுவும் சொல்லாது. என் உவமை பொய் என்பதை மட்டும் அது சொல்கிறது. அது போதும்.

உவமை போன பிறகு தீர்ப்பு நிற்கிறதா என்று பார்க்க, தொகுப்பை மறுபடி படித்தேன். முப்பத்தொரு கவிதைகள். இருபது இன்றும் எனக்குத் தேறவில்லை. அதை மாற்றிச் சொன்னால் அவரை இரண்டாவது முறை அவமதித்ததாகும். ஆனால் ஒரு கவிதை இருக்கிறது. வகுப்பு முடிந்து மாணவர்கள் போன பிறகு, பலகையில் குத்திவைத்த தவளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, குண்டூசிகளைக் கழுவி டப்பாவில் போடுகிற ஆசிரியரைப் பற்றியது. வரி முறிகிற விதம் அந்தப் பெரியவருடையதுதான், மறைக்கவே இல்லை. ஆனால் அந்த முறிவுகளுக்கு எதிரே வந்து பொருந்தி நிற்கிற ஃபார்மலின் நாற்றமும் ஊசிகளை எண்ணுகிற விரல்களும் பெரியவருக்குத் தெரியாதவை. அன்று நான் பழைய இழையை மட்டும் அடையாளம் கண்டுவிட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்று பேனாவை மூடிவிட்டேன். எதிரே புதிதாக ஓர் இழை இருக்கிறதா என்று பார்க்கவில்லை. விமர்சகன் பார்க்க வேண்டியது அந்த இழையைத்தான். பழையதை அடையாளம் காண வாசிப்பு இருந்தால் போதும், எந்த மாணவனும் செய்துவிடுவான்.

நகல் என்ற சொல்லை வசையாக இனி எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையின் புரூஃபைக் கார்டில் உள்ள விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். விலாசம் பழையது. போய்ச் சேர்ந்தால், செல்லைப் பற்றிய பிழைகளை அவர் திருத்தட்டும்.